ஒரே படகில் மாமனாரும் மருமகனும்!

சிங்கப்பூரின் உபின் தீவைச் சுற்றி ஒரு நாள் துடுப்புப் பயணம்

"இந்த ரெண்டு பேர் கயாக்குக்கு ஒரு செல்லப் பேர் இருக்கு, தெரியுமா? விவாகரத்துப் படகு!"

வழிகாட்டிப் பெண் இப்படிச் சொன்னதும் கரையில் நின்ற பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காத இருவர் நானும் என் மகளின் கணவரும்தான்.

கணவன் மனைவி ஒரே கயாக்கில் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுமாம். "நீ சரியாகத் துடுப்புப் போடவில்லை", "நீங்கள் தப்பாகத் திருப்பினீர்கள்" என்று ஆரம்பித்து, கரைக்கு வருவதற்குள் பிறந்த வீடு, புகுந்த வீடு எல்லாம் உள்ளே வந்துவிடுமாம். கணவன் மனைவிக்கே அப்படி என்றால், மூன்று வருடமாக நேருக்கு நேர் பத்து வாக்கியம்கூடப் பேசாத மாமனாரும் மருமகனும் ஏறினால் என்ன ஆகும்?

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். வங்கியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஒரே பெண் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்த்தவரைத் திருமணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. பையனிடம் குறை ஒன்றும் இல்லை. நான் பார்த்த பையன் இல்லை என்பதுதான் குறை. திருமணத்துக்குப் போனேன். அட்சதை போட்டேன். ஆனால், பந்தியில் உட்காராமல், கை நனைக்காமல் திரும்பி வந்தேன். அதைப் பெரிய வீரம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவர் என்னை "சார்" என்று கூப்பிடுவார். நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "அந்த ரிமோட்டை எடுங்க", அவ்வளவுதான் எங்கள் உறவு.

இப்போது மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவளைப் பார்த்துக்கொள்ள நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு மகள் சாப்பாட்டு மேசையில் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பா, கயாக் ட்ரிப்புக்கு ரெண்டு பேருக்குப் பணம் கட்டினது அப்படியே இருக்கு. மாசமா இருக்கிறவங்களை ஏத்த மாட்டாங்க. நாளைக்கு எனக்குப் பதிலா நீங்க போயிட்டு வாங்களேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சாம்பாரைப் பார்த்தார்.

"எனக்கென்ன, காவிரியில நீந்தினவன் நான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எப்படிப் பின்வாங்குவது?

பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும்

உபின் தீவு சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 10 சதுர கிலோமீட்டர். சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து டீசல் நெடி வீசும் பழைய மரப்படகுகள் அங்கே போகின்றன. இவற்றுக்கு டிக்கெட் கவுண்டரும் கிடையாது, நேர அட்டவணையும் கிடையாது. பன்னிரண்டு பயணிகள் சேர்ந்ததும் படகு கிளம்பும். நிமிடக் கணக்கில் ரயில் ஓடும் ஊரில், நம்ம ஊர் ஷேர் ஆட்டோ போல ஒரு படகு!

பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவு வந்துவிடுகிறது. தகரக் கூரை வீடுகள், வாடகை சைக்கிள் கடைகள், இளநீர், ஒரு சீனக் கோயில். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுகூட இல்லை. "சிங்கப்பூரின் கடைசிக் கிராமம்" என்று இதைச் சொல்கிறார்கள். 1970-ஐ ஒட்டி இங்கே ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்திருக்கிறார்கள். இன்று அங்கேயே தங்கி வாழ்பவர்கள் சில டஜன் பேர்தான்.

அந்த 2,000 பேருக்கும் சோறு போட்டது கருங்கல். மலாய் மொழியில் 'ஜுபின்' என்றால் தரையில் பதிக்கும் கல். அதிலிருந்துதான் 'உபின்' என்ற பெயர் வந்தது என்கிறார்கள். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில், பெட்ரா பிராங்கா பாறைமேல் 1851-லிருந்து எரியும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இந்தத் தீவின் கல்லால் கட்டப்பட்டது. சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் தரைப்பாலத்துக்கும் இங்கிருந்து கல் போயிருக்கிறது. கடைசிக் குவாரி 1999-ல் மூடப்பட்டது. கல் வெட்டிய பள்ளங்களில் இப்போது பச்சை நிறத்தில் தண்ணீர் நிற்கிறது. கொக்குகள் கூடு கட்டுகின்றன.

வயிற்றால் துடுப்புப் போடு!

கரையில் முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இதய நோய் உண்டா, ஆஸ்துமா உண்டா, நீச்சல் தெரியுமா என்று கேள்விகள். நான் 'தெரியும்' என்பதில் கொஞ்சம் பெரிதாகவே டிக் போட்டேன். அவர் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

எங்கள் குழுவில் ஆறு கயாக்குகள், பன்னிரண்டு பேர். இரண்டு மலாய் நர்ஸுகள், கல்லூரி மாணவர்கள் நான்கு பேர், ஒரு பிலிப்பினோ தம்பதி, அறுபத்தேழு வயதுச் சீனப் பாட்டி, அவருடைய பேரன். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒரு வழிகாட்டி. அவர்களுக்குத் தனித் தனிக் கயாக்.

பாடம் இருபது நிமிடம். அதன் சாரம் இதுதான். கையால் துடுப்புப் போடாதே, அரை மணியில் தோள் செத்துவிடும். இடுப்பை, வயிற்றைத் திருப்பிப் போடு. முன்னால் இருப்பவர் தாளம் போடுவார், பின்னால் இருப்பவர் அந்தத் தாளத்துக்கு ஏற்ப விழ வேண்டும். திசை திருப்புவது பின்னால் இருப்பவர் பொறுப்பு. பெரிய அலை வந்தால் ஓடாதே, படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பு. விசில் மூன்று முறை ஊதினால் எல்லோரும் ஒன்று கூடி, பக்கத்துப் படகைப் பிடித்துக்கொண்டு தெப்பம் போல நிற்க வேண்டும்.

"கவிழ்ந்தா பயப்படாதீங்க. ஜாக்கெட் தூக்கிடும். படகை விடாதீங்க, துடுப்பை விடாதீங்க, ஒருத்தரை ஒருத்தர் விடாதீங்க."

எடை அதிகம் உள்ளவர் பின்னால் உட்கார வேண்டுமாம். ஓய்வுக்குப் பிறகு வளர்ந்த தொப்பை அந்த விஷயத்தை விவாதமில்லாமல் முடித்துவிட்டது. ஆக, முன்னால் அவர், பின்னால் நான். மூன்று வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் அன்றைக்கு அவர் முதுகைப் பார்த்தேன்!

தவளை, யானை, பன்றி

காலை எட்டரை மணிக்குக் கிளம்பினோம். தீவை முழுதாகச் சுற்ற ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். கிழக்கே போய், வடக்கே திரும்பி, மேற்கு முனையைச் சுற்றிக்கொண்டு, மறுபடி தெற்குக் கரைக்கு வர வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் எங்கள் படகில் கேட்டதெல்லாம் 'டக்... டக்...' சத்தம்தான். என் துடுப்பு அவர் துடுப்பில் இடிக்கும். "சாரி சார்" என்பார். தப்பு என்னுடையது. தாளம் போடுபவர் அவர், பின்பற்ற வேண்டியவன் நான். ஆனால், முப்பத்து நான்கு வருடம் கையெழுத்துப் போட்டே பழகியவனுக்கு இன்னொருவர் தாளத்துக்கு விழுவது அவ்வளவு சுலபமாக வருமா?

அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் "அதோ கழுகு" என்றால், "ம்" என்பார். கழுத்து அசையாது. 'பாரேன், எவ்வளவு விறைப்பு' என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

தலைக்கு மேல் சாங்கி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள். சக்கரத்தை எண்ணிவிடலாம், அத்தனை தாழ்வு. தண்ணீரில் மிதக்கும் மீன் பண்ணைகள். மரச் சட்டங்களுக்கு நடுவே வலையைத் தொங்கவிட்டு கொடுவா, கலவா மீன்களை வளர்க்கிறார்கள். நாய் ஒன்று பண்ணை விளிம்பில் ஓடி வந்து எங்களைப் பார்த்துக் குரைத்தது. கடலுக்கு நடுவே நாய்க் காவல்!

கிழக்கு முனைக்கு அருகில் கற்குவியல் போல ஒரு குட்டித் தீவு. பெயர் செக்குடு, தவளைத் தீவு. வழிகாட்டிப் பெண் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கதை சொன்னார்.

ஒரு தவளையும் யானையும் பன்றியும் பந்தயம் வைத்தனவாம். இங்கிருந்து நீந்தி அக்கரை ஜொகூரை யார் தொடுவது? தொட முடியாதவர் கல்லாகிவிட வேண்டும். மூன்றுமே பாதியில் திணறிவிட்டன. தவளை இந்தக் குட்டித் தீவாக ஆனது. யானையும் பன்றியும் அக்கம் பக்கத்தில் கல்லாகி, இரண்டும் சேர்ந்து உபின் தீவாக ஆகிவிட்டன. நடுவில் ஓடும் ஜெலுத்தோங் என்ற உப்பங்கழிதான் இரண்டுக்கும் இடையிலான கோடு.

"யாரும் உதவிக்கு இன்னொருத்தரைக் கூப்பிடலை. அதான் மூணும் கல்லாயிடுச்சு" என்று சீனப் பாட்டி தன் பங்குக்குச் சேர்த்தார். அது கதையில் இல்லை, அவருடைய சொந்தச் சரக்கு. எல்லோரும் சிரித்தோம்.

தப்பிப் பிழைத்த கடற்கரை

கல்லாங்குத்துத் தீவைத் தாண்டியதும் செக் ஜாவா. அன்று காலையில் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் மணலும் கடற்புல்லும் வெளியே தெரிந்தன. அங்கே மனம்போல இறங்கி நடக்க அனுமதி இல்லை. தள்ளி நின்றே பார்த்தோம். நட்சத்திர மீன், கடல் அட்டை, குதிரைலாட நண்டு என்று அந்தப் புல்லுக்குள் ஒரு தனி ஊரே இருக்கிறது.

இந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு. இதை மண் கொட்டி மூடி, நிலமாக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். 2001-ல் தன்னார்வலர்களும் இயற்கை ஆர்வலர்களும் இங்கே இருக்கும் உயிர்களைக் கணக்கெடுத்தார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாக, 'கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம்' என்று வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. 2007-ல் மரப்பாலம் அமைத்து, மிதிபடாமல் பார்த்துப் போக வழி செய்தார்கள். அதே 2007-ன் தொடக்கத்தில் ஜொகூரில் பெய்த பெருமழையின் நன்னீர் வெள்ளம் இங்கே புகுந்து, உப்பு குறைந்து, ஏராளமான உயிரினங்கள் செத்து மிதந்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் திரும்பி வந்தன.

இந்தத் தீவில் திரும்பி வந்தவர்கள் பட்டியலில் இருவாச்சிப் பறவையும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து நூறு வருடத்துக்கும் மேலாகக் காணாமல் போயிருந்த அந்தப் பறவை, 1990-களில் இங்கேதான் மறுபடி தலைகாட்டியது. நாங்கள் பார்த்தது ஒரு ஜோடி. மரத்துக்கு மரம் தாவும்போது இறக்கைச் சத்தம் தண்ணீர்வரை கேட்டது.

"ஜோடியாத்தான் இருக்கும்" என்றேன்.

"ம்" என்றார் முன்னால் இருந்தவர். கழுத்து அசையவில்லை.

கண்ணுக்குத் தெரியாத எல்லை

வடக்குக் கரைக்குத் திரும்பியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளியது போலப் படகு வேகம் எடுத்தது. "ஏற்றம் ஆரம்பிச்சிடுச்சு. இனி கடலே நம்மைத் தூக்கிட்டுப் போகும்" என்றார் வழிகாட்டி.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜொகூர் நீரிணை முன்பு இரண்டு பக்கமும் திறந்திருந்தது. 1924-ல் திறக்கப்பட்ட தரைப்பாலம் குறுக்கே அடைத்துவிட்டதால், கிழக்கே இருந்து நுழையும் தண்ணீர் மறுபக்கம் போக வழியில்லாமல், வந்த வழியே திரும்ப வேண்டும். ஏற்றத்தில் மேற்கே ஓடும், இறக்கத்தில் கிழக்கே ஓடும். உபின் தீவின் கல்லே போய், உபின் தீவின் தண்ணீருக்கு அணை போட்டிருக்கிறது!

வலது பக்கம் தெரிவது மலேசியா. பாசிர் கூடாங் துறைமுகத்தின் கிரேன்கள், எண்ணெய்த் தொட்டிகள், புகைபோக்கிகள். எல்லை கடல் நடுவே போகிறது. கோடு எதுவும் கிடையாது. கரையோரமாகத் தள்ளிப் போகாமல் வரிசையாக வரச் சொன்னார்கள். கடலோரக் காவல் படகு ஒன்று மெதுவாக வந்து, எங்களை எண்ணுவது போலப் பார்த்துவிட்டுப் போனது.

ஒன்று கவனித்தேன். பின்னால் வர வேண்டிய வழிகாட்டி வேறு யார் பக்கமும் போகாமல் எங்கள் படகை ஒட்டியே வந்துகொண்டிருந்தார். 'அறுபது வயசு ஆயிடுச்சேன்னு என்னைக் காவல் காக்கிறார் போல' என்று எனக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது. இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டுக் காட்டினேன்.

கவிழ்ந்தோம்!

மேற்கு முனையை நெருங்கும்போது மணி பன்னிரண்டு. எதிர்க்காற்று எழுந்தது. நீரோட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப் பக்கம். தண்ணீர் குட்டிக் குட்டிக் கூர்முனைகளாகக் குத்திட்டு நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு இழுவைப் படகு தூரத்தில் கடந்து போனது. அது போய் நிதானமாக ஒரு நிமிடம் கழித்துத்தான் அதன் அலைகள் வந்தன.

"மூக்கைத் திருப்புங்க! அலைக்கு நேரா!" என்று கத்தினார் வழிகாட்டி.

திருப்ப வேண்டியவன் நான். பின்னால் இருப்பவன் நான்தானே? காவிரி வீரன், பதற்றத்தில் தப்பான பக்கம் துடுப்பை அழுத்தினேன். படகு அலைக்குக் குறுக்கே திரும்பியது. முதல் அலை தூக்கியது. இரண்டாவது அலை கவிழ்த்தது.

உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. ஜாக்கெட் மேலே தூக்கிவிட்டது. எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால், தண்ணீரில் என்ன செய்ய வேண்டும் என்பது உடம்புக்குத் தெரிந்திருந்தது. அம்மா மண்டபம் படித்துறையில் எட்டு வயதில் கற்றது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன்.

இரண்டு அடி தூரத்தில் அவர். கண்ணை இறுக மூடியிருந்தார். இரண்டு கையும் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்திருந்தன. படகைப் பிடிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கால்கள் அசையவே இல்லை.

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்தது. கழுத்து ஏன் திரும்பவில்லை, ஏன் வெறும் 'ம்', வழிகாட்டி யாரைக் காவல் காத்தார், எல்லாம்.

கையை நீட்டி அவர் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மாப்பிள்ளே! கண்ணைத் திறங்க. நான் பிடிச்சிருக்கேன். ஜாக்கெட் முங்க விடாது. என்னைப் பாருங்க."

கண்ணைத் திறந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

"ஒரு கையால படகைப் பிடிங்க. இன்னொண்ணு என் தோள்ல. காலை மெதுவா ஆட்டுங்க. சைக்கிள் மிதிக்கிற மாதிரி. அவ்வளவுதான்."

வழிகாட்டி வந்துவிட்டார். எங்கள் படகை ஒரே இழுப்பில் நிமிர்த்தி, தன் படகை அதன் பக்கத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டார். "முதல்ல அவர்" என்றேன். காலை உதைத்து, வயிற்றால் ஏறி, மீனைப் போட்டது போல் படகில் விழுந்தார். அடுத்து நான். தொப்பை காரணமாக எனக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. விசில் சத்தம் கேட்டு மற்ற ஐந்து படகுகளும் வந்து எங்களைப் பிடித்துக்கொண்டன. தெப்பத்துக்கு நடுவில் நாங்கள். சீனப் பாட்டி தன் குடுவையிலிருந்து சுடச் சுட இஞ்சி டீ ஊற்றிக் கொடுத்தார்.

எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் இருக்கும். நஷ்டம்: என் தொப்பி, ஒரு செருப்பு, என் காவிரிப் பெருமை.

மூன்று வருடம் ஆறிய சோறு

அதற்குப் பிறகு துடுப்பு இடிக்கவே இல்லை. அவர் முதுகின் அசைவைப் பார்த்து நான் போட்டேன். அவர் இடது என்றால் இடது, அவர் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன். சுலபமாகத்தான் இருந்தது.

ஒன்றரை மணிக்கு ஜெலுத்தோங் கழிக்குள் நுழைந்தோம். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே நிறைந்திருந்தது. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. வேர்கள் விரல் விரலாகத் தண்ணீரில் ஊன்றி நிற்கின்றன. கடலில் இருந்த காற்று, சத்தம், வெயில் எதுவும் இங்கே இல்லை. நீல நிறத்தில் மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு முன்னால் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே வழிகாட்டியது. யானைக்கும் பன்றிக்கும் நடுவே உள்ள கோட்டில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நிழலில் எல்லாப் படகுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தோம். தண்ணீர் புகாத பையிலிருந்து அவர் டப்பாவை எடுத்தார். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர் மிளகாய். விடியற்காலை நாலரைக்கு எழுந்து அவரே செய்தது. காலையில் அடுப்படிச் சத்தம் கேட்டபோது என் மனைவி என்றுதான் நினைத்திருந்தேன்.

"நீச்சல் தெரியாதா?"

"தெரியாது சார். எங்க ஊர் தர்மபுரிப் பக்கம். கிணத்துலயே தண்ணி இருக்காது. எங்களுக்குத் தண்ணின்னா குடம் கணக்குத்தான்."

"அப்புறம் ஏன் வந்தீங்க? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

டப்பா மூடியில் எனக்குச் சாதத்தை எடுத்து வைத்தபடியே சொன்னார். "அவதான் சொன்னா. அப்பாவுக்குத் தண்ணியப் பார்த்தா பேச்சு வரும்னு."

எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. சாதத்தைப் பிசைந்தேன். நீச்சல் தெரியாத ஒரு மனிதர், கடல் நடுவே ஐந்து மணி நேரம், பின்னால் இருக்கும் ஒரு வீம்புக்காரன் பேசுவான் என்று காத்திருந்திருக்கிறார். அவனோ துடுப்பால் இடித்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குக் கல்யாணத்துல நான் சாப்பிடாம வந்தேன். அது தப்பு" என்றேன். மூன்று வருடம் யோசித்தும் வராத வாக்கியம், கையில் உருண்டையை வைத்துக்கொண்டு சாதாரணமாக வந்துவிட்டது.

அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வேர்களுக்கு நடுவே ஏறும் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா அன்றைக்கு எத்தனை தடவை பந்திக்கும் வாசலுக்கும் நடந்திருப்பார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

பிறகு டப்பாவை என் பக்கம் சாய்த்தார். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா மாமா?"

"வைங்க" என்றேன்.

தீவுக்காரன் பார்த்த தீவு

மாலை சாங்கிக்குத் திரும்பும் மரப்படகில் ஒன்று தோன்றியது. நானும் தீவுக்காரன்தான். ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். அறுபது வருடத்தில் அந்தத் தீவை ஒரு முறைகூடத் தண்ணீர் வழியாகச் சுற்றி வந்ததில்லை. தெரு வழியாகவே பார்த்துப் பழகியவனுக்கு ஊரின் முதுகு தெரியாது. மனிதர்களுக்கும் அப்படித்தான் போல.

வீட்டுக்குப் போனதும் மகள் வாசலிலேயே நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னப்பா, ஒரு செருப்பைக் காணோம்? சண்டையா?"

"துடுப்பு இடிச்சுது. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

மறுவாரம் முதல் சனிக்கிழமைகளில் நானும் மாப்பிள்ளையும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் நீச்சல் குளத்துக்குப் போகிறோம். மூன்று வாரத்தில் மிதக்கக் கற்றுக்கொண்டார். பேரனோ பேத்தியோ பிறப்பதற்குள் நீந்த வைத்துவிடுவேன்!

நீங்களும் போகிறீர்களா?

* சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து உபின் தீவுக்கு மரப்படகு. கட்டணம் படகிலேயே. சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் வரிசை நீளும், சீக்கிரம் போய்விடுங்கள்.

* தீவை முழுதாகச் சுற்ற ஆறு மணி நேரம் ஆகலாம். முதல் முறை போகிறவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் அலையாத்திக் காட்டுக்குள் மட்டும் போய் வரும் குறுகிய பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவே போதுமான அழகு.

* வழிகாட்டியோடு, குழுவாகவே போங்கள். நீரோட்டமும் கப்பல் போக்குவரத்தும் பக்கத்து நாட்டு எல்லையும் உள்ள கடல் இது.

* படிவத்தில் உண்மையை எழுதுங்கள். நீச்சல் தெரியாதவர்களையும் லைஃப் ஜாக்கெட்டோடு அழைத்துப் போகும் குழுக்கள் உண்டு. ஆனால், வழிகாட்டிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கூடப் படகில் வருபவருக்கும்தான்.

* முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிய தொப்பி, பின்பட்டை உள்ள செருப்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். செல்போனைத் தண்ணீர் புகாத உறைக்குள் வையுங்கள்.

* நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். மற்ற மாதங்களிலும் பிற்பகலில் இடி மின்னல் வரும். வழிகாட்டி "கரைக்குப் போகலாம்" என்றால் மறுபேச்சு வேண்டாம்.

* கடைசியாக ஒன்று. இரண்டு பேர் கயாக்கில் யாரோடு ஏறுவது என்று யோசிக்கிறீர்களா? உங்கள் வீட்டில் நீங்கள் அதிகம் பேசாதவர் ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள். சாப்பாட்டையும் மறக்காமல் கட்டிக்கொண்டு போங்கள்.